ஜெர்டன் என்னும் உதவி மருத்துவர்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

காலை முழுவதும் புறநோயாளிகள், மாலையில் பிரசவ அறை, வாரத்தில் சில நாள் இரவுப் பணி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது பறவைகளைப் பற்றி எழுதுவதற்கு நேரம் எங்கே என்றும், மருத்துவரான பிறகு இதெல்லாம் வேண்டாத வேலையாகத் தோன்றுகிறது என்றும் சென்ற வாரம் சொன்னாய். தொலைபேசியில் உனக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விலங்கியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவள் என்பதால், நான் நெடுங்காலமாக மதித்துவரும் ஒரு மருத்துவரின் கதையை உனக்கு எழுதுகிறேன். அவர் பெயர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன்.

1811இல் இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் பிறந்த ஜெர்டன், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே பேராசிரியர் ராபர்ட் ஜேம்சனின் இயற்கை வரலாற்று வகுப்புகளில் அமர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு டார்வின் உறுப்பினராக இருந்த பிளினியன் சங்கம் என்னும் இயற்கை வரலாற்று மாணவர் சங்கத்திலும் சேர்ந்தார். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை உதவி மருத்துவராக நியமித்தது. உன் பணி ஆணையில் இருப்பதும் அதே பதவிதான். 1836 பிப்ரவரியில் சென்னையில் வந்து இறங்கியவரை உடனே இன்றைய ஒடிசாவில் உள்ள கஞ்சம் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். காய்ச்சலிலும் சீதபேதியிலும் வதங்கிக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல் என்பது உனக்குத் தெரியும். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், நோய் எதனால் வருகிறது என்றே தெரியாத நிலையில், ஒரு படை முழுவதையும் காய்ச்சலிலிருந்து மீட்க வேண்டிய இருபத்து நான்கு வயது இளைஞனின் மனநிலையை என்னைவிட நீ நன்றாக உணர்வாய். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளை அவர் கவனிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

அடுத்த ஆண்டு, 2ஆவது இலகுரகக் குதிரைப் படையின் மருத்துவராக நம் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டார். படையோடு தக்காணத்தின் ஜால்னா வரைக்கும் போனார்; நீலகிரிக்கும் ஏறினார். அவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர் ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ராணுவம். போன இடத்தில் எது பறந்ததோ, ஊர்ந்ததோ, அதைக் குறித்துக்கொண்டார் என்பதே அவருடைய அறிவியலின் தொடக்கம். நானும் வகுப்பறையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: நல்ல இடம் கிடைத்த பிறகு ஆராய்ச்சியைத் தொடங்கலாம் என்று காத்திருந்தவர்களை விட, கிடைத்த இடத்தில் தொடங்கியவர்களிடமிருந்துதான் இந்தியாவின் உயிரினங்களைப் பற்றி நாம் அதிகம் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

அவர் சேகரித்த பறவைத் தோல்களைச் சரியாக இனங்காணும் பொருட்டு ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டின் என்ற பெரிய பறவையியலாளருக்கு அனுப்பிவைத்தார். மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தபோது தோல்களைப் பூச்சி அரித்திருந்தது. நம்மில் பலர் அங்கேயே விட்டிருப்போம். இனி வெளிநாட்டு அறிஞரின் முத்திரைக்குக் காத்திருப்பதில்லை என்று முடிவு செய்த ஜெர்டன், தாமே இனங்கண்டு, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பறவைப் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் 1839இலும் 1840இலும் வெளியிட்டார். அதில் 420 இனங்கள் இருந்தன. அதற்கு முன் கர்னல் சைக்ஸ் தந்திருந்த பட்டியலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. அதில் பிழைகளும் இருந்தன. பின்னர் கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித்தின் துணையோடு திருத்தங்களையும் அவரே அச்சிட்டார். தவறிவிடுமோ என்று அஞ்சிக் குறிப்பேட்டுக்குள் பூட்டி வைப்பதைவிட அச்சில் வைத்துத் திருத்திக்கொள்வது நேர்மையானது என்றே நான் எண்ணுகிறேன்.

நீ ஊட்டிக்கு ஏறும் வழியிலுள்ள சோலைகளில், நிழலான புதரடியில் கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு சின்ன ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய். அதற்கு அறிவியல் உலகில் முதலில் பெயர் சூட்டியவர் ஜெர்டன்தான். நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலகிரிச் சிரிப்பானும் அப்படியே. 1841இல் மணமுடித்த அவருடைய மனைவி ஃப்ளோரா மக்லியோட் ஆர்க்கிட் மலர்களில் ஈடுபாடுள்ளவர், ஓவியம் வரைபவர்.

அதன்பின் நெல்லூரில் சிவில் சர்ஜன் வேலை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்தப் பகுதியின் புதர்க்காடுகளை உள்ளங்கை ரேகையைப்போல அறிந்த யானாதிப் பழங்குடி மக்களிடம் அவர் போய்க் கேட்டார். அவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்தார், சொன்னதை எழுதினார். இன்று ஜெர்டன் கோர்சர் என்று அவர் பெயரால் அறியப்படும் பறவை அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. மணல் நிற உடல், மார்பில் இரண்டு பட்டைகள், தொண்டையில் ஆரஞ்சுத் திட்டு, கண்ணுக்கு மேல் அகலமான வெண்கோடு, உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண்கள். 1848இல் பிளித் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1900இல் அனந்தப்பூர் பக்கம் காணப்பட்ட பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண், கடப்பை மாவட்டத்தில், உள்ளூர் மக்களின் உதவியோடு அதை மீண்டும் கண்டார். அதுவரை, இரவில் நடமாடும் பறவையைப் பகலிலேயே தேடியிருக்கிறார்கள். பிறகு புதர்களுக்கிடையே நுண்மண்ணைப் பரப்பிக் காலடித் தடத்தைப் பார்த்து அதை ஆராய்ந்தார்கள். தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையும் அதற்காகவே மாற்றப்பட்டது.

நெல்லூருக்குப் பிறகு தலச்சேரியில் வேலை. அங்கே அவர் எறும்புகளைக் கவனித்தார். 1851இல் வெளியிட்ட தென்னிந்திய எறும்புப் பட்டியலில், நீண்ட தாடையும் பெருங்கண்ணும் கொண்டு, கலைத்தால் துள்ளிப் பாயும் ஓர் எறும்பை விவரித்தார். ஹார்பெக்நாத்தஸ் சால்டேட்டர் என்பது அதன் பெயர். 2010இல் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் இரண்டு எறும்பினங்களில் அது ஒன்று. ராணி இறந்துவிட்டால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றோடொன்று மோதுகின்றன; வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன; அப்போது அவற்றின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. திரும்ப வேலைக்கார நிலைக்கு வந்தால் மூளையும் மீண்டும் வளர்கிறது. வளர்ந்த உயிரியின் மூளை இப்படிச் சுருங்கி விரியும் என்பதை இன்று ஆய்வுக்கூடங்களில் வியந்து படிக்கிறார்கள். ஒரு கடற்கரை ஊரில் நோயாளிகளுக்கு நடுவே இருந்த மருத்துவர் குனிந்து பார்த்த எறும்பு அது!

அவர் குறையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கம்பெனி ராணுவத்தின் ஊழியர். பறவைகளைச் சுட்டுத்தான் சேகரித்தார். 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளிவந்த அவருடைய ஐம்பது வண்ணப் பறவை ஓவியங்கள் நம் ஊர் ஓவியர்களின் கையால் உருவானவை. அந்தக் கைகளுக்கு உரிய புகழ் அவர்களைச் சேரவில்லை. யானாதி மக்களுக்கும் சேரவில்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது. ஆனாலும் பறவைகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் மக்கள் வழங்கிய பெயர்களைத் தம் நூலில் விடாமல் பதிந்து வைத்தவர் அவர்.

அந்த நூல்தான் 'இந்தியப் பறவைகள்'. மத்திய இந்தியாவின் சாகரில் படை மருத்துவராக இருந்து, பின் உடல்நலம் குன்றி டார்ஜிலிங் போயிருந்தவரை, முதுகெலும்புள்ள உயிரினங்களுக்குக் கையேடுகள் எழுதும் தனிப்பணியில் கவர்னர் ஜெனரல் கானிங் அமர்த்தினார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அதில் 1008 பறவையினங்கள் இடம்பெற்றன. 1867இல் பாலூட்டிகளைப் பற்றிய நூலும் வந்தது. கால் நூற்றாண்டு காலம் மருத்துவம் பார்த்த பிறகு, ஐம்பதாவது வயதில்தான் முழு நேரத்தையும் இதற்குக் கொடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கையில் குறிப்புகள் இல்லாமல் அந்த வயதில் அவர் உட்கார்ந்திருந்தால் இரண்டே ஆண்டுகளில் அந்தப் புத்தகம் வந்திருக்காது. அசாமில் கடுங்காய்ச்சலில் விழுந்து, 1870இல் இங்கிலாந்து திரும்பி, 1872 ஜூன் 12 அன்று காலமானார்.

உன் வேலையைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. நோயாளியை விட்டுவிட்டுப் பறவை பார்க்கப் போவதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் உன்னிடம் மருந்து வாங்க வரும் காட்டுநாயக்கர், பணியர் வீட்டுப் பெரியவர்களிடம், மருந்துச் சீட்டு எழுதி முடித்த பிறகு, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: இந்த மாதம் காட்டில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, அதை நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்கள்? சொன்னவரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, தேதி போட்டு எழுது. வாரம் ஒரு பக்கம் போதும். எனக்கு அனுப்பினால் ஜெர்டன் பதிந்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அப்பா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா