தம்பிக்கு, ஸ்டொக்ஹோமிலிருந்து

ஸ்டொக்ஹோம்,
மார்கழி மாதம்

அன்பின் தம்பி,

வந்தாறுமூலை கம்பஸில் கடைசி வருடப் புரொஜெக்ட்டுக்கு, ஒரு புரோகிராம் அனுப்பும் செய்திகளை வாங்கி வைத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் மென்பொருளான ராபிட்எம்கியூவை எடுத்திருக்கிறாய் என்று வாசித்ததும் சரியான சந்தோசம். நான் இங்கே செய்கிற வேலையே அதைக் கண்காணிக்கிறதுதான்.

இங்கே பின்னேரம் மூன்று மணிக்குள் இருட்டிவிடும். குளிரைச் சமாளிக்கலாம், இந்த இருட்டுத்தான் இன்னும் பழகவில்லை. ஆனால் ராபிட்எம்கியூ எழுதப்பட்ட எர்லாங் மொழி இந்த ஊரில்தான், எரிக்சன் கொம்பனியின் ஆய்வுகூடத்தில், தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1980களில் உருவானது. அதை நினைத்தால் இந்த ஊரில் ஒரு பிடிப்பு வருகிறது.

ஓடர், கட்டணம், குறுஞ்செய்தி எல்லாம் அதன் கியூவில், அதாவது வரிசையில், வந்து நிற்கும். பிரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் 15 செக்கனுக்கு ஒருக்கா ராபிட்எம்கியூ சேர்வரிடம் எண்களைக் கேட்டு எடுக்கும், வரைபடம் காட்டும் கிராஃபனாவில் அது கோடாக விழும், எல்லை தாண்டினால் சாமத்திலும் போன் அடிக்கும். ராபிட்எம்கியூவின் 3.8 பதிப்பிலிருந்து இதற்கான பிளகின் (துணைநிரல்) கூடவே வருகிறது. இயக்கிவிட்டால் 15692 போர்ட்டில் பதில் சொல்லும். ஆனால் எல்லாக் கியூவையும் கூட்டி ஒரே தொகையாகத்தான் தரும். எந்தக் கியூ தேங்குகிறது என்று அறியத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கியூக்கள் கூடினால் அதுவே சேர்வருக்குப் பாரம், ஆகவே தேவையான அளவுகளை மட்டும் கேள்.

காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதே. ஒரு இரவு அந்தக் கோடு பூச்சியத்தில் கிடந்தது. ஒரு கன்சூமர் (கியூவிலிருந்து செய்தியை எடுத்து வேலை செய்யும் புரோகிராம்), ஒரே தடவையில் எத்தனை எடுக்கலாம் என்ற பிரீஃபெட்ச் எல்லை இல்லாததால், வந்த அத்தனையையும் வாரி வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் அக், அதாவது 'முடித்துவிட்டேன்' என்ற பதில், அனுப்பாமல் நின்றுவிட்டது. அக் வராதவற்றின் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதற்கும் அலாரம் வைத்திருந்தபடியால் பிடித்தோம். அப்பாவுக்கு இப்படிச் சொல்லு: உன்னிச்சைக் குளத்து மட்டத்தைப் பார்த்துவிட்டு வயலுக்குத் தண்ணி பாயுது என்று தண்ணி பங்கிடும் வட்டவிதானை சொல்வாரா? வாய்க்கால் வழியே நடந்தல்லவா பார்ப்பார்.

மெமரி எல்லையைத் தொட்டால் சேர்வர் அனுப்புகிறவர்களை மறித்துவிடும். முன்பு அந்த எல்லை மொத்த மெமரியில் 40%, 4.0 பதிப்பிலிருந்து 60%. நாங்கள் அதற்குக் கீழேயே எச்சரிக்கை வைக்கிறோம். டிஸ்க்கில் மிச்சம் இருக்கவேண்டிய இடம் வெறும் 50 எம்பி என்று வரும், அது காணாது, கட்டாயம் கூட்டு. எழும்பிச் செய்ய ஒரு காரியமும் இல்லாத அலாரம் என்றால் அதை எடுத்தே விடு. ஆளைக் களைக்கப்பண்ணினால் உண்மையான அலாரத்தையும் கவனிக்க மாட்டார்கள்.

மறுகா, நான் நித்திரை முழிக்கிறேன் என்று அம்மா கவலைப்படுகிறாவாம். முறை வைத்துத்தான் செய்கிறோம் என்று சொல்லு. நீ லாப்பில் ஒரு கன்சூமரை வேண்டுமென்றே நிறுத்திப்போட்டு எந்தக் கோடு எப்படி ஏறுகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அண்ணா