55-45 என்பது வெற்றியா?

அன்புள்ள சேகர்,

கடிதமும் முடிவுகளும் வந்தன. செஸ் ஆடும் நிரலான உன் இன்ஜினின் புதிய பதிப்பு பழையதை 55-45 என்று வென்றதில் சந்தோஷம்தான், ஆனால் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடு. 30 வெற்றி, 50 டிரா, 20 தோல்வி என்றால், ஆட்டபலத்தை அளக்கும் எலோ கணக்கில் 35 புள்ளி முன்னிலை. பிழை வரம்போ இருபுறமும் சுமார் 48! உன் மாற்றம் இன்ஜினைக் கெடுத்திருக்கவும் இடமிருக்கிறது. ஆட்டங்களை நூறு மடங்காக்கினால்தான் பிழை பத்தில் ஒன்றாகும். 10,000 ஆட்டத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 5 புள்ளி மிஞ்சும்.

முன்னிலை கிடைத்ததும் ஆட்டத்தை நிறுத்தினாய் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் பெரிய ஓட்டை. சமபலமுள்ள இரண்டில் எதுவும் எப்போதாவது முன்னே போகத்தான் செய்யும். எஸ்பிஆர்டி (ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கணக்குப் பார்த்து, எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் சோதனை) முறையைப் பிடித்துக்கொள்: முன்னேற்றம் 0 எலோவா 5 எலோவா என்ற இரு கருதுகோள்களையும் 5 சதவீதப் பிழையையும் முன்கூட்டியே வைத்துவிடு. எந்தக் கருதுகோள் பொருந்துகிறது என்று காட்டும் அதன் கணக்கு 2.94-ஐத் தாண்டினால் ஏற்பு, -2.94-க்குக் கீழே போனால் நிராகரிப்பு. நடுவில் ஆசைக்கு இடமில்லை.

ஒவ்வொரு ஓப்பனிங்கையும் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் சில நகர்வுகள்) இருமுறை ஆடவை, நிறத்தை மாற்றி. ஓப்பனிங் தராமல் விட்டால் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வந்து எண்ணிக்கையைப் பொய்யாக்கும். பலமான இன்ஜின்களுக்குச் சமநிலை ஓப்பனிங் கொடுத்தால் டிராதான் குவியும். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தவை நல்லது.

ஒரே கணினியில் ஆடும்போது பான்டரை, அதாவது எதிராளியின் முறையிலும் யோசிக்கும் வசதியை, அணைத்துவிடு. அப்படி யோசிக்கும் இன்ஜின், எதிராளிக்கு வேண்டிய பிராசசர் நேரத்தையே தின்னும். ஹாஷ் (ஆராய்ந்த நிலைகளைச் சேர்த்துவைக்கும் நினைவகம்), திரெட் (ஒரே சமயத்தில் ஓடும் தேடல் இழைகள்) இரண்டும் இருவருக்கும் சமமாக இருக்கட்டும். நேரம் தீர்ந்து தோற்றவற்றைத் தனியே எண்ணு. அவை ஆட்டத் திறனைக் காட்டுவதில்லை, பெரும்பாலும் நேர நிர்வாகக் கோளாறுதான்.

நிபந்தனைகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017 டிசம்பரில் வந்த ஆல்பாஜீரோ அறிக்கையே போதும். டீப்மைண்ட் நிறுவனத்தின் அந்த நிரல், ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற பலமான இன்ஜினோடு மோதியது. 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. ஆனால் ஸ்டாக்ஃபிஷ் 8-க்கு 64 திரெட்டுக்கு வெறும் 1 ஜிபி ஹாஷ், நகர்வுக்கு நிலையாக 1 நிமிடம். சிக்கலான இடத்தில் நேரத்தைக் கூட்டிச் செலவிடும் திறமைக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. 2018-இல் 1,000 ஆட்டம், ஓர் ஆட்டத்தில் ஆளுக்கு 3 மணி நேரம், 32 ஜிபி ஹாஷ் என்று மாற்றியபோதும் ஆல்பாஜீரோதான் வென்றது: 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை டிரா. முதல் முறையே இப்படி ஆடியிருந்தால் அந்த முடிவைப் பற்றிய பாதி சண்டை வந்திருக்காது.

பழைய பதிப்போடு மட்டும் மோதவிடாதே, வேறு நாலைந்து இன்ஜின்களையும் சேர். சொந்த வாரிசுகளுக்குள் நடக்கும் போட்டியில் வித்தியாசம் ஊதிப் பெரிதாகத் தெரியும்.

அடுத்த முறை ஓப்பனிங் கோப்பையும் சேர்த்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
ரகு