செவிலியர் படிப்புக்கு வயது வரம்பு: விதி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் செவிலியர் கல்விக்கு விதி வகுக்கும் பெருமக்களுக்கும், தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையில் பொறுப்பு வகிப்போருக்கும் வணக்கம்.

கடந்த ஆகஸ்ட் மாதம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியின் அலுவலகத்தில் நான் நீட்டிய விண்ணப்பம் ஒரு நிமிடத்துக்குள் என் கைக்கே திரும்பி வந்தது. அங்கிருந்த அலுவலர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. பிறந்த தேதியைப் பார்த்தார், விரல்விட்டுக் கணக்குப் போட்டார், "உங்களுக்கு முப்பத்தெட்டு நடக்குதும்மா, முப்பத்தஞ்சோட சரி" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்து 1200-க்கு 962 வாங்கிய மதிப்பெண் சான்றிதழையும், விலங்கியல் பட்டத்தையும் உறையிலிருந்து எடுக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி அவருடையதன்று, உங்களுடையது என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகள் மெடிக்கல் கோடிங் வேலை பார்த்தவள். விலங்கியல், நுண்ணுயிரியல் படித்த பட்டதாரிகளில் எத்தனையோ பேர் சென்னையில் போய்ச் சேரும் இடம் அது. அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணை இடவேண்டும். 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐ.சி.டி.-10 என்ற நோய்க்குறியீட்டு முறைக்கு மாறியபோது புதிய எண்களை இரவு பகலாக மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருத்தி. இடுப்பின் பின்புறத்தில் மூன்றாம் நிலைப் படுக்கைப்புண் என்றால் எல் 89.153 என்பது தூக்கத்திலும் என் வாயில் வரும். ஆனால் அந்தப் புண்ணைக் கண்ணால் நான் முதன்முதலில் பார்த்தது, பக்கவாதத்தில் விழுந்த என் தந்தையின் முதுகில்தான். அது 2022-ஆம் ஆண்டு, எனக்கு வயது முப்பத்தைந்து. உங்கள் விதிப்படி நான் நர்சிங் சேர்ந்திருக்கக்கூடிய கடைசி ஆண்டை அவருடைய கட்டிலருகே கழித்தேன்.

அந்த வார்டில் இரவுப் பணியிலிருந்த ஒரு செவிலியர், தனக்கிருந்த வேலைகளுக்கு நடுவே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் திருப்பிப் படுக்கவைப்பது எப்படி, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் என்ற குழாயில் கஞ்சி கொடுக்குமுன் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பது எதற்கு என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, எண்களுக்குத் திரும்ப மனம் ஒப்பவில்லை. நர்சிங் படிக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். பட்டப்படிப்பானாலும் மூன்றாண்டு டிப்ளமோவானாலும் முப்பத்தைந்தைத் தாண்டியவருக்கு இடமில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இங்கேதான் உங்கள் கவனத்தைக் கோருகிறேன். கல்லூரி திருப்பி அனுப்பிய அதே மாதத்தில், வீடுகளுக்கு 'ஹோம் நர்ஸ்' அனுப்பும் ஒரு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. வயதை அவர்கள் கேட்கவே இல்லை. பதினைந்து நாள் பயிற்சி, இரண்டு செட் சீருடை, நாளொன்றுக்கு 900 ரூபாய். பதினாறாம் நாள் நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில், எண்பத்திரண்டு வயது மூதாட்டியின் கட்டிலருகே நின்றேன். வீட்டில் எல்லோரும் என்னை சிஸ்டர் என்று அழைத்தார்கள். நான் சிஸ்டர் அல்ல என்று முதல் நாளே சொன்னேன். அது அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு அந்த அம்மா இருமிய இருமலில் மூக்கின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி கழன்று, அவருக்கும் போட்டிருந்த ரைல்ஸ் டியூப் ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. சிரிஞ்சைப் பொருத்தி உறிஞ்சிப் பார்த்தேன், குழாய் இரைப்பையில் இருந்தால் வரவேண்டிய நீர் எதுவும் வரவில்லை. நிறுவனத்தின் எண்ணை ஏழு முறை அழைத்தேன், எடுப்பாரில்லை. காலை ஆறு மணிக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம் வந்தபோது அவருடைய மகன், "நீங்க பார்க்காததா சிஸ்டர், உள்ளே தள்ளிட்டுக் குடுங்க, சர்க்கரை இறங்கிடும்" என்று கெஞ்சினார். தள்ளுவது தவறு என்று மட்டும் எனக்குத் தெரியும். தள்ளாவிட்டால் என்ன செய்வது என்பது தெரியாது. சர்க்கரை இறங்கினால் அதன் முதல் அறிகுறி எது, எத்தனை மணி நேரம் பொறுக்கலாம் என்பதும் தெரியாது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்கிறதா என்று பார்த்தபடியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் வந்து, பழைய குழாயை உருவி, புதியதை அளந்து போட்டு, அது இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டுப் போனார். பத்து நிமிட வேலை. போகும்போது, "நல்ல வேளை நீங்க தள்ளலை, மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா அவ்வளவுதான்" என்றார்.

பெருமக்களே, எதுவும் கற்காமல் ஒரு நோயாளியைத் தொட எனக்கு வயது தடையாக இல்லை. முறையாகக் கற்றுவிட்டுத் தொடுகிறேன் என்று வந்தால் மட்டும் வயது குறுக்கே நிற்கிறது. இந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது என்று எவ்வளவோ யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அந்த மூதாட்டியை நிச்சயமாக அது காப்பாற்றவில்லை.

முப்பத்தைந்துக்கு மேல் படித்தால் பணியாற்றும் ஆண்டுகள் குறையும் என்பது காரணமாக இருக்கலாம். முப்பத்தெட்டில் சேர்ந்தால் நாற்பத்திரண்டில் படிப்பு முடியும். தமிழ்நாட்டில் அரசுப் பணி ஓய்வு வயது 60. பதினெட்டு ஆண்டுகள் குறைவான காலமா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐம்பது வயதைத் தாண்டியும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஐம்பதில் வேலைக்கு வரலாம், முப்பத்தாறில் அந்த வேலையைக் கற்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு. இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் உச்ச வயது வரம்பை 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் நீக்கிவிட்டது. ஆக, இந்த முப்பத்தெட்டு வயதில் நான் மருத்துவராக முயன்றால் என்னை வயது தடுக்காது. செவிலியராகத்தான் எனக்கு வயது கடந்துவிட்டது.

என் விண்ணப்பம் திரும்பி வந்த அந்த மேசைக்குப் பின்னால், சுவரில், கையில் விளக்கோடு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் படம் இருந்தது. 1820-இல் பிறந்த அவர், கிரிமியப் போர் முடிந்து 1856-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது வயது முப்பத்தாறு. நேராக அந்த மேசைக்கு வந்திருந்தால் அவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். ஆண்டுதோறும் விளக்கேற்றும் விழாவில் அவர் பெயரால் உறுதிமொழி எடுக்க வைக்கிறீர்களே, அதனால் சொல்லத் தோன்றியது.

அமெரிக்காவில் வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களில் நர்சிங் பட்டம் முடிக்கும் விரைவுப் படிப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டதாரிகளுக்கென்றே இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. இங்கேயும் வக்கீலாக விரும்பும் பட்டதாரிக்கு மூன்றாண்டுச் சட்டப்படிப்பு தனியாக இருக்கிறது. அப்படியொரு குறுக்குவழியை நான் இப்போது கேட்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான்கு ஆண்டுகளையும் முழுமையாகப் படிக்கத் தயாராக இருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டில் செவிலியர் போதவில்லை என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. 2023-இல் 1,570 கோடி ரூபாய் செலவில் 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மகிழ்ச்சி. ஆனால் படித்து முடித்தவர்களை நாம் நடத்தும் விதமும் கண்ணில் படாமல் இல்லை. 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் இருந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா வார்டுகளில் நின்றவர்கள், 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "இதுக்கா அக்கா இந்த வயசுல ஆசைப்படறீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லவேண்டியவர்களும் நீங்கள்தான். நான் கேட்க வந்தது வேறு என்பதால் அதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன்கீழ் சேர்க்கை விதிகளை வகுக்கும்போது, பழைய தாளிலிருந்து அந்த '35' என்ற எண்ணை அப்படியே பெயர்த்து எழுதிவிட வேண்டாம் என்று பணிவோடு வேண்டுகிறேன். கல்வித் தகுதியைக் கடுமையாக்குங்கள், உடல்தகுதிச் சான்றிதழ் கேளுங்கள், நுழைவுத் தேர்வு வையுங்கள், எழுதுகிறேன். வயது வரம்பை மட்டும் நீக்குங்கள். தமிழ்நாட்டு அதிகாரிகள் இந்தக் கோரிக்கையைத் தில்லிக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதியிருப்பதால் மொழிபெயர்க்கும் சிரமம் உங்களுக்கு நேரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு மாம்பலம் வீட்டு வேலையை அந்த வாரமே விட்டுவிட்டேன். எனக்குப் பதிலாக அனுப்பப்பட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பதினைந்து நாள் பயிற்சிதான் அவருக்கும்.

இப்படிக்கு,
விண்ணப்பத்தை இன்னும் உறையிலேயே வைத்திருக்கும் ஒரு பட்டதாரி,
சென்னை.