அறுந்த தங்கூசியும் ஒரு பெருங்கழுகும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, அரிசோனாவில் நவஹோ பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். கீழே, ஏறக்குறைய 470 அடி ஆழத்தில், கொலராடோ ஆறு. பாலத்தின் இரும்புச் சட்டத்தில், எங்கள் காலடிக்குச் சற்றுக் கீழே, கலிபோர்னியக் கொண்டோர் என்ற பிணந்தின்னிப் பெருங்கழுகு ஒன்று குந்தியிருந்தது. மயிரில்லாத செம்மஞ்சள் தலை. சிறகில் இலக்கத் தகடு. எழும்பிப் பறந்தபோது சிறகில் காற்று உரசும் சத்தம் காதில் கேட்டது. விரித்தால் ஒன்பதரை அடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தன. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, இனம் பெருக்கக் கூண்டில் வைத்தார்கள். மொத்தம் 27; வானத்தில் ஒன்றுமில்லை. குஞ்சுகள் மனிதருக்குப் பழகிவிடக் கூடாதென்று, தாய்ப்பறவையின் தலைபோலச் செய்த பொம்மையைக் கையில் மாட்டி இரை ஊட்டினார்களாம். என்ன பொறுமை! 1992இல் கலிபோர்னியாவிலும் 1996இல் அரிசோனாவிலும் திரும்பப் பறக்கவிட்டார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவை காட்டில்.

இன்னமும் அவற்றை அதிகம் கொல்வது ஈயம். வேட்டைக்காரர் விட்டுப்போகும் விலங்குக் குடலில் கிடக்கும் தோட்டாத் துகளை விழுங்கிச் சாகின்றன. ஆகவே அரிசோனாவில் ஈயமில்லாத தோட்டாக்களை வேட்டைக்காரருக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் விட்டுப்போகிறோம். ஊர் திரும்பிய பிறகு ஒரு காலை, அரியாலைக் கடனீரேரிக் கரையில் நெடுங்கால் உள்ளான் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அந்த மெல்லிய சிவந்த காலைச் சுற்றி அறுந்த தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலான் இழையில் பின்னிய மீன்வலை. கத்தரிக்கோல் எடுத்துவந்து வெட்டினேன். நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது. பறந்தது, ஆனால் ஒரு கால் தொங்கியபடி.

தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். சரி, அதைப் பாவிப்பதை நிறுத்த நாளெடுக்கும். அறுந்த துண்டைக் கரையில் எறியாமல் இருக்கலாமே. இறங்குதுறைகளில் ஒரு பீப்பாய் வைத்து, கடற்றொழிலாளர் சங்கங்கள் அவற்றைச் சேர்க்கட்டும். பிரதேச சபை கிழமைக்கொரு தடவை ஏற்றிப்போகட்டும். மழை தொடங்கினால் வெளிநாட்டுப் பறவைகளும் வந்துவிடும். அதற்கு முன்னர் இதைச் செய்யுமாறு உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
அரியாலை, யாழ்ப்பாணம்.