எங்கள் ஃபால்கோவுக்குக் கை கொடுத்த அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நாங்கள் கட்டிய ஃபால்கோ எஃப்.8எல் விமானம் சோதனைப் பறப்பை முடித்துவிட்டது. இனி ஊர்விட்டு ஊர் பறக்கலாம். ஸ்டெலியோ ஃப்ராத்தி வடிவமைத்து, 1955-ல் இத்தாலியில் முதன்முதலாகப் பறந்த இருவர் அமரும் மர விமானம் இது. வீட்டிலேயே கட்டுவோருக்காக அமெரிக்காவின் செக்கோயா நிறுவனம் போட்டுத்தந்த வரைபடங்கள் இல்லாவிட்டால் இதில் இறங்கியிருக்கவே மாட்டோம்.

ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்ற மரத்தின் பலகைகளைப் பொறுக்கித் தந்தவருக்கு முதல் நன்றி. 15 அங்குல நீளத்துக்குள் மர ரேகை 1 அங்குலத்துக்கு மேல் சாய்ந்த பலகையை அவர் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்தரத்துக்கு, தொடவிடவில்லை. நாருக்குக் குறுக்கே மயிரிழையாக ஓடும் நசுங்கல் கோட்டையும் சாய்வெளிச்சத்தில் தேடிப்பிடித்தார். அந்தக் கோடுள்ள பலகை சுமை ஏறினால் அங்கேயே ஒடியும்.

பசை வேலையைச் சொல்லிக்கொடுத்து, இறக்கையை மூடுமுன் உள்ளே ஒவ்வொரு மூலையையும் டார்ச் அடித்துப் பார்த்த, ஈ.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமான ஆர்வலர் சங்கத்தின் தன்னார்வ ஆலோசகருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஒவ்வொரு பசைக் கலவையிலும் ஒரு சோதனைத் துண்டு ஒட்டித் தேதி எழுதச் சொன்னார். இறுகியதும் உளி வைத்துப் பிளக்க வேண்டும். மரம் கிழிந்தால் ஒட்டு நல்லது. பசைக்கோடு வழுவழுவென்று பிரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டியதெல்லாம் சந்தேகம்தான். அளவு பிசகியிருக்கலாம், குளிரில் இறுகாமல் போயிருக்கலாம், கிளாம்பை இறுக்கிப் பசையை முழுக்கப் பிதுக்கியிருக்கலாம். ஸ்ப்ரூஸை உப்புத்தாள் போடாமல் கூரான இழைப்புளியால் இழைத்தே ஒட்ட வேண்டும். தூள் துளைகளை அடைத்துவிடும். பிர்ச் மர பிளைவுட்டையோ, மாறாக, தயாரிப்பில் அழுத்தியதால் வந்த பளபளப்புப் போக உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாக வேண்டும். மூடியபின் யார் கண்ணிலும் படாத ஒட்டுகள் இவை. இதில் பறக்கிற இருவர் உயிரும் இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

இறக்கையின் மேல்தோலை ஒட்ட வந்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. டி-88 எபாக்ஸிப் பசையின் இரு பகுதிகளையும் சரிக்குச் சரி கலந்தால் முக்கால் மணி நேரம்தான் அவகாசம், வெயிலில் இன்னும் குறைவு. இரண்டு பேரால் ஆகிற காரியமல்ல. ஒட்டுமிடத்தில் வார்னிஷ் படாமல் டேப் ஒட்டிக் காத்தவர், இறக்கைக்குள் அறைக்கு அறை தாழ்ந்த மூலையில் நீர்வடி துளை இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தவர் இருவரையும் தனியே சொல்ல வேண்டும். தேங்கிய நீர்தான் மர விமானத்துக்கு எமன். வெயிலில் எபாக்ஸி இளகும், வெள்ளையே பூசுங்கள் என்று கடைசிவரை விடாதவருக்கும், எடை போட மூன்று தராசுகளை இரவல் தந்தவருக்கும் நன்றி.

கிளாம்புகள் அத்தனையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பட்டறையில் இருக்கின்றன. அடுத்து இறக்கை மூடப்போகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறோம்.