தாம்பூலக் கதை போதும், மங்கம்மாளின் ஆட்சியைச் சொல்லுங்கள்

வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், மதுரையிலும் திருச்சியிலும் வழிகாட்டிகளாக இருக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மதுரை நாயக்கர் அரசை ஆண்ட ராணி மங்கம்மாளைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை. புத்தகத்தில் அவருக்கு இரண்டு வரி இருந்தாலும், இல்லாவிட்டாலும், வகுப்பிலும் கோயில் பிராகாரத்திலும் அவர் பெயரை விடாமல் சொல்லி வருகிறவர்கள் நீங்கள்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் பெரும்பாலும் இரண்டு கதைகள்தான் வருகின்றன. மறதியாக இடக்கையால் தாம்பூலம் போட்டுக்கொண்டார், அந்தப் பாவம் தீரச் சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்பது முதல் கதை. கடைசியில் அவரைச் சிறையில் அடைத்து, கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி சோற்றை வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள் என்பது இரண்டாவது. இரண்டும் வாய்மொழியாக வந்தவை. கேட்கிற பிள்ளைகளுக்கு இரண்டும் மறக்காது. நடுவே இருந்த ஏறத்தாழ 17 ஆண்டு ஆட்சி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

அந்த ஆட்சியைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1682-இல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பட்டத்துக்கு வந்தார். 1689-இல் அவரையும் அம்மை கொண்டுபோய்விட்டது. அப்போது மருமகள் சின்ன முத்தம்மாள் கர்ப்பிணி. உடன்கட்டை ஏறத் துணிந்த அந்தப் பெண்ணைத் தடுத்தார்கள் என்றும், குழந்தை பிறந்த சில நாளிலேயே அவரும் உயிரை விட்டார் என்றும் சொல்வார்கள். மிஞ்சியது ஒரு பச்சைக்குழந்தை, விஜயரங்க சொக்கநாதன். அந்தக் குழந்தையின் பெயரில் பாட்டி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பிள்ளைகளிடம் காலத்தைச் சொல்லுங்கள். 1710-இல் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையேறியதாக ஜேசு சபைப் பாதிரியாரின் கடிதம் ஒன்று பதிவு செய்திருக்கிறது. அந்தக் காலத்தில், அந்தச் சீமைக்குப் பக்கத்துச் சீமையில், கணவரை இழந்த ஒரு பெண் உயிரோடு இருந்து, சபை கூட்டி, தளவாய்க்கு, அதாவது படைத்தலைவருக்கு, உத்தரவு போட்டு நாட்டை நடத்தினார். தாம்பூலம் எந்தக் கையில் இருந்தது என்பதைவிட இது எவ்வளவு பெரிய செய்தி!

அவர் கையில் வந்தபோது நாடு இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். திருமலை நாயக்கர் காலத்து மதுரை ராஜ்ஜியம் அல்ல அது. சொக்கநாதர் தஞ்சையைப் பிடித்துப் பிறகு மராத்தியர்களிடம் இழந்திருந்தார். மேற்கே மைசூர் நெருக்கிக்கொண்டிருந்தது. தெற்கே திருவாங்கூர் திறை கட்டுவதை நிறுத்தியிருந்தது. ராமநாதபுரம் பிடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. வடக்கே ஔரங்கசீப்பின் படை.

இந்த வடக்குச் சங்கதியைக் கொஞ்சம் விரித்தே சொல்லலாம், ஏனென்றால் இதில் மூன்று பெண்கள் வருகிறார்கள். 1689-இல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்தார். வழியில் அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் கர்நாடகத்துக் கெளதி நாட்டு ராணி சென்னம்மா. அதற்காக ஔரங்கசீப் படை அனுப்ப, சென்னம்மா எதிர்த்து நின்றார். ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தார். 1700-இல் ராஜாராம் இறந்ததும் அவர் மனைவி தாராபாய் சின்ன மகனின் பெயரில் ஆட்சியை எடுத்துக்கொண்டு முகலாயர்களோடு போரைத் தொடர்ந்தார். ஒரே பேரரசர், ஒரே பத்து இருபது ஆண்டு, எதிரே மூன்று ராணிகள். இருவர் வாள் எடுத்தார்கள். மங்கம்மாள் திறை அனுப்பினார்.

திறை அனுப்பியதைச் சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். வீரம் இல்லாததுபோல் தோன்றுகிறது. அவருடைய மகனைப் பற்றி ஒரு கதை உண்டு: முகலாயர் ஊர் ஊராக யானைமேல் அனுப்பிய பாதுஷாவின் செருப்புக்கு மற்றவர்கள் வணக்கம் செலுத்த, ரங்ககிருஷ்ணரோ அதில் காலை நுழைத்து, இன்னொன்று எங்கே என்று கேட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்க்கு அந்த வசதி இல்லை. கூப்பிடு தூரத்தில் என்று சொல்லும்படி செஞ்சியில் பெரும்படை உட்கார்ந்திருக்கிறது. அரண்மனையில் பட்டத்துக்கு உரியவன் தொட்டிலில் கிடக்கிறான். ஜுல்பிகர் கானுக்குப் பணமும் விலையுயர்ந்த பரிசுகளும் போயின. தலைநகரான திருச்சிக்குப் படை வரவில்லை. மராத்தியர் பிடித்து வைத்திருந்த சில இடங்களும் திரும்பக் கிடைத்தன. என் கணக்கில் இதுதான் அவர் எடுத்த முடிவுகளிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது.

அதற்காக அவர் வாளை எடுக்காதவரும் இல்லை. 1697-இல் தளவாய் நரசப்பையா தலைமையில் திருவாங்கூர் மேல் படை போனது. நின்றுபோன திறையை வசூலித்துக்கொண்டு திரும்பியது. தஞ்சைக்காரர்கள் எல்லையில் கொள்ளையடித்தபோது அதே நரசப்பையா கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைச் சீமைக்குள் புகுந்துவிட்டார். தஞ்சை அமைச்சர் பாலாஜி பண்டிதர் பெருந்தொகை திரட்டிக் கொடுத்துத்தான் சமாதானம் வாங்க வேண்டியிருந்தது.

சரி, இப்போது காவிரிக்கு வருகிறேன். வகுப்பில் ஒரே ஒரு நிகழ்ச்சி சொல்லத்தான் நேரம் என்றால் இதைச் சொல்லுங்கள். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைசூர் அரசர் சிக்க தேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டார். கீழே தண்ணீர் வரத்து நின்றது. திருச்சியும் தஞ்சையும் வயல்களை நம்பி இருக்கிற சீமைகள். அந்த இரண்டும் அப்போதுதான் சண்டை போட்டு முடித்திருந்தன. சொக்கநாதர் காலத்துப் பகை வேறு பாக்கி இருந்தது. மங்கம்மாள் அதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தஞ்சை மராத்திய அரசர் ஷாஜியோடு சேர்ந்தார். இரண்டு படைகளும் ஒன்றாகப் போய் அணையை உடைப்பது என்று ஏற்பாடு. அதற்கு வேலை வைக்காமல் மேற்கே பெய்த பெருமழை வெள்ளம் அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் முந்திக்கொண்டது என்பதற்காக அந்த ஏற்பாட்டின் மதிப்பு குறையவில்லை. நேற்றைய எதிரியோடு இன்று தண்ணீருக்காகக் கைகோத்த ஒருவரின் மனசு அதில் தெரிகிறது. காவிரிப் பிள்ளைகளுக்கு இது பாடமாக மட்டும் போகாது, வீட்டுப் பேச்சாகவே போகும்.

சமய விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதமும் அப்படித்தான். சேதுபதி பிடித்து வைத்திருந்த மெல்லோ பாதிரியாரை விடுவிக்க முயற்சி எடுத்தார். திருச்சி நத்தர்வலி தர்காவின் பராமரிப்புக்கு ஊர்களை மானியமாக விட்ட 1701-ஆம் ஆண்டுச் செப்பேடு இருக்கிறது. பூஷே என்ற ஜேசு சபைப் பாதிரியார் தர்பாருக்கு வந்தபோது தளவாய்க்குக் கொடுத்த பரிசுகளில் ஒன்று ஒரு பூகோள உருண்டை. நாடுகளின், கடல்களின் பெயர்களை எல்லாம் அதில் தமிழில் எழுதியிருந்தார்கள். முந்நூறு ஆண்டுக்கு முன்னால், தெலுங்கு பேசும் நாயக்கர் தர்பாரில், தமிழ் எழுத்தில் உலகம். அந்த உருண்டையை வகுப்பில் கற்பனை செய்யச் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் தானாக வரும்.

இனி சாலைக்கும் சத்திரத்துக்கும். மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை போன பெருவழி மங்கம்மாள் சாலை என்ற பெயரிலேயே நெடுங்காலம் வழங்கியது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றைப் பாவப் பரிகாரம் என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். சாலை இருந்தால் படை போகும், வண்டி போகும், சரக்கு போகும், சுங்கம் வரும், ராமேஸ்வரத்துக்குப் போகிற யாத்ரீகன் ராத்தங்க இடம் கிடைக்கும். ஒரு ஆட்சியாளர் செய்ய வேண்டிய வேலை. திருமலை நாயக்கர் மஹாலைக் காட்டும்போது எந்தப் பாவத்துக்காகக் கட்டினார் என்று யாரும் கதை சொல்வதில்லையே. இவர் பெண் என்பதால் மட்டும், செய்த நல்லதுக்குக்கூட ஒரு குற்றத்தைக் காரணமாகத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு மனசு வலிப்பது இதில்தான்.

தோல்வியையும் மறைக்க வேண்டாம். 1702-இல் ராமநாதபுரத்தின் மேல் அனுப்பிய படை தோற்றது. நரசப்பையா அந்தப் போரில் இறந்தார். அத்தனை ஆண்டு துணை நின்ற தளவாய் போன பிறகு பழைய பலம் இல்லை. சில ஆண்டுகளில் பேரன் பொறுப்பேற்க, மங்கம்மாளின் காலம் முடிந்தது. சிறைக்கதையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், ‘இப்படி ஒரு கதை வழங்குகிறது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அமைச்சர் ஒருவரோடு அவரைச் சேர்த்து வைத்துப் பேசும் வம்பை, அருள்கூர்ந்து, பிள்ளைகள் நடுவே கொண்டுவராதீர்கள்.

வழிகாட்டி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தங்கரை ஊஞ்சல் மண்டபத்தில் கூட்டத்தோடு கூட்டமாக எல்லோரையும் நகர்த்திக்கொண்டு போகாமல், கொஞ்சம் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். விதானத்து ஓவியத்தில் மங்கம்மாள் இருக்கிறார், கூடவே சிறுவன் விஜயரங்கனும். சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டம் கட்டிச் செங்கோல் கொடுக்கிற ஊர் அது. ‘உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா’ என்று கேட்டுச் சிரிக்கிற ஊர். அங்கே ஒரு பெண் உண்மையாகவே ஆண்டதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

திருச்சியில் இருப்பவர்கள் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் மங்கம்மாள் மஹாலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அது இப்போது அரசு அருங்காட்சியகம். சிற்பங்களையும் நாணயங்களையும் பார்த்து முடித்த பிறகு, அந்த தர்பார் கூடத்திலேயே உட்காரவைத்து, அவருடைய தலைநகரம் மதுரை அல்ல, திருச்சிதான் என்பதில் தொடங்குங்கள். அப்புறம் மைசூர் அணையைச் சொல்லி, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் தஞ்சைக்கு என்ன கடிதம் எழுதுவீர்கள் என்று கேளுங்கள். அரைமணி நேரம் கொடுங்கள், எழுதட்டும்.

அன்புடன்,
வரலாற்றை விரும்பும் ஒரு வாசகர்