சோயா பாலுக்கு ஏன் 15 சதவீத வரி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய்யையும் விலக்கும் வீகன் உணவுமுறையைச் சமூக நீதியோடு இணைத்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இளைஞர்கள் சிலர் நம் குடியிருப்புகளில் பரப்புரை செய்து வருவதை வரவேற்கிறேன். புரட்டாசி முழுவதும் கறி தொடாத வீடுகள் நகரின் இந்தியர் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஏராளமாக இருப்பதால், அவர்களின் பேச்சைக் கேட்க இங்கே ஆள் உண்டு. ஆயினும் ஆடி மாதக் கூழ் வழிபாட்டில் கோழியும் ஆடும் பலியிடுவோரை அறிவற்றவர்கள் என்று பழிக்கும் துண்டறிக்கைகளை என்னால் ஏற்க இயலவில்லை.

1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரில் பலர், ஊரில் பெருங்கோயில்களுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத சாதியினர். அவர்கள் தாமே எழுப்பிய மாரியம்மன் கோயில்களில் தம் வழக்கப்படி படைத்தார்கள். விலங்கின் உயிருக்காகப் பரிந்து பேசுவது நியாயமே. ஆனால் கறி உண்பவரைத் தாழ்ந்தவராக எண்ணும் பழைய சாதிச் செருக்கு அந்தப் பேச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதை நீதி என்று எப்படி அழைப்பது?

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் அருகே 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், அவர்களில் தமிழர் பலரும், தங்கியிருந்தன. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் மாட்டிறைச்சியே கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று எண்ணிய காந்தி, முதலில் அவர்களிடம் பேசி, அவர்களின் சம்மதத்தோடுதான் புலாலற்ற பொதுச் சமையலறையை அமைத்தார். 1912இல் அங்கேயே அவரும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் பாலையும் விட்டார்கள். (பின்னாளில் இந்தியாவில் நோயுற்றபோது அவர் ஆட்டுப்பால் அருந்த நேர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.) கேட்டுச் சம்மதம் பெற்ற அந்த முறையைத்தான் நம் இளைஞர்களும் கைக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விலை. உலர்ந்த பீன்ஸ், பருப்பு, அரிசி, மீலி மீல் எனும் மக்காச்சோள மாவு, காய்கறி, பழம், தாவர எண்ணெய் ஆகியவற்றுக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி இல்லாததால், ஷுகர் பீன்ஸ் குழம்பும் சோறும் ஏழைக்கும் எட்டுகின்றன. ஆனால் பசும்பாலுக்கும் பால்பவுடருக்கும் இல்லாத 15 சதவீத வரி, சோயா பாலுக்கு விதிக்கப்படுகிறது. ஆப்பிரிக்க மக்களுள் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புளிக்கவைக்காத பால் எளிதில் செரிப்பதில்லை என்பதை நினைக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. 2025இல் வாட் வரியை உயர்த்த முனைந்த அரசு, அதற்கு ஈடாக டின்னில் அடைத்த காய்கறிகளுக்கும் விலக்களிப்பதாகக் கூறியது. உயர்வு கைவிடப்பட்டபோது அந்தச் சலுகையும் கைவிடப்பட்டது. அன்று நம் சங்கங்களில் எத்தனை அதைக் கேட்டுக் குரல் கொடுத்தன?

காய்கறி விற்போரையும் மறக்கலாகாது. ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோர் கீரையும் மடும்பி எனும் சேப்பங்கிழங்கும் பயிரிட்டு விற்றுப் பிழைத்தவர்கள். அவ்வழி வந்த வணிகம் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் டர்பனின் வார்விக் அதிகாலைச் சந்தையை அகற்றி, அங்கே வணிக வளாகம் கட்ட 2009இல் நகராட்சி முயன்றபோது, இந்திய, ஆப்பிரிக்க வணிகர்கள் சேர்ந்து எதிர்த்ததால் அத்திட்டம் நின்றது. விலையுயர்ந்த பாதாம் பாலைப் பேரங்காடியில் தேடச் சொல்லும் பரப்புரையைவிட, அந்தச் சந்தையில் காய் வாங்கச் சொல்லும் பரப்புரையே எனக்கு நீதியாகத் தோன்றுகிறது. கோழி அறுப்புக்கூடங்களில் குறைந்த கூலிக்கு உழைப்போரின் பாதுகாப்பைப் பற்றியும் துண்டறிக்கையில் இரண்டு வரி இருக்கட்டும்.

எனவே இளைஞர் குழுக்களும் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஒன்றுகூடி, அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பாகச் சோயா பாலுக்கும் டின் காய்கறிகளுக்கும் வரிவிலக்குக் கோரி நிதியமைச்சகத்துக்கு மனு அனுப்ப வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்